ட்ராக்ல ஓட்டற வண்டிக்கு எந்த ரேடியேட்டர்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கங்க. என்கிட்ட 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் இருக்குது. கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்ல, சொந்த வண்டிய ஓட்ட விடற ட்ராக் டே வெச்சா எப்படியாச்சும் போயிடுவேன். டவுன்ல ஏசி போட்டு சிக்னல்ல நின்னாக்கூட ஒண்ணும் ஆகறதில்ல, ஆனா ட்ராக்ல நாலஞ்சு லேப் போச்சுன்னா டெம்பரேச்சர் முள்ளு கிடுகிடுன்னு ஏறுது. போன தடவை ரேடியேட்டர் மேல் டேங்க்ல விரிசல் விட்டு கூலன்ட் எல்லாம் கசிஞ்சிடுச்சு, இனி மாத்தியே ஆகோணும். கம்பெனி சைஸ்லயே பிளாஸ்டிக் டேங்க் வெச்சது லோக்கல்ல கிடைக்குது, எங்க ஊர் ரேடியேட்டர் கடைக்காரர் செம்புல கட்டித் தர்றேங்கறார், ஆன்லைன்ல மூணு ரோ, அதாவது மூணு வரிசை ட்யூப் வெச்ச ரேஸிங் அலுமினியம்னு ஒண்ணு போட்டிருக்காங்க, நல்ல தடிமனா இருக்குது. எதை வாங்கறதுங்க? – திருப்பூர் வாசகர்

பதில்: வணக்கம் தம்பி. நீங்க சொன்னதுல எனக்கு ரொம்ப உபயோகமானது அந்த சிக்னல் விஷயம்தான். நின்னா சூடாகாம, வேகமா ஓட்டினா மட்டும் சூடாகுதுன்னா ஃபேன் நல்லா இருக்குன்னு அர்த்தம், குறை ரேடியேட்டர்லயோ தண்ணி ஓட்டத்துலயோ இல்ல முன்னாடி வர்ற காத்து ஒழுங்கா ரேடியேட்டருக்குள்ள நுழையாததுலயோ இருக்கு. அப்புறம் அந்த "கிடுகிடுன்னு ஏறுது"ங்கறது. கம்பெனி மீட்டர் முள்ளு நடுவுலயே நிக்கற மாதிரிதான் பெரும்பாலும் செட் பண்ணியிருப்பாங்க, கூலன்ட் 80 டிகிரியோ 100 டிகிரியோ முள்ளு அசையாது, அது அசைய ஆரம்பிக்கும்போது ஏற்கனவே நிலைமை மோசமாயிருக்கும். அதனால ரேடியேட்டர் வாங்கற காசுல கொஞ்சம் ஒதுக்கி நம்பர் காட்டற தனி டெம்பரேச்சர் கேஜ் ஒண்ணு போடுங்க. அது இல்லாம புது ரேடியேட்டர் வேலை செய்யுதா இல்லையான்னு உங்களால சொல்லவே முடியாது.

இன்னொண்ணு, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கட் நல்லா இருக்கான்னு செக் பண்ணிடுங்க. உங்க எஞ்சின்ல பிளாக், ஹெட் ரெண்டுமே அலுமினியம், ஒரு தடவை நல்லா ஓவர்ஹீட் ஆனாலே ஹெட் வளைய வாய்ப்பிருக்கு. காலைல எஞ்சின் முழுசா ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, தொடர்ச்சியா குமிழ் குமிழா வந்துட்டே இருந்தா கேஸ் தண்ணிக்குள்ள போகுதுன்னு சந்தேகப்படணும். அந்த நிலைமைல எந்த ரேடியேட்டர் வாங்கினாலும் காசு தண்டம்.

இப்ப உங்க மூணு ஆப்ஷனுக்கு வருவோம். செம்பு சூட்டைக் கடத்தறதுல அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல கெட்டிதான், உங்க கடைக்காரர் அதைச் சொல்லித்தான் விக்கப் பார்ப்பார், அதுல பொய் இல்ல. ஆனா பழைய மாடல் செம்பு ரேடியேட்டர்ல தண்ணி ஓடற ட்யூப் பித்தளை, ட்யூபையும் சூட்டைக் காத்துக்கு விடற ஃபின் தகட்டையும் ஒட்டறது ஈயம், ரெண்டுமே சூட்டைக் கடத்தறதுல அலுமினியத்துக்குக் கீழதான். அலுமினியத்துல ட்யூபை அகலமா போட முடியும், அதனால ஃபின் நிறைய இடத்துல ட்யூபைத் தொடும், ஒரே உலோகமா உலைல வெச்சு உருக்கி ஒட்டிடறதால (பிரேஸிங்) நடுவுல தடையும் கம்மி. எடைய பாத்தா செம்பு அலுமினியத்தைவிட மூணு மடங்குக்கு மேல கனம், அதுவும் வண்டியோட மூக்குல போய் உக்காரும். எந்த ஊர்லயும் பத்த வெச்சு ரிப்பேர் பண்ணிக்கலாம்ங்கற ஒரு நல்ல குணம் செம்புக்கு உண்டு, பழைய அம்பாசடருக்கு நான் அதைத்தான் சொல்வேன், உங்க சிட்டிக்கு சொல்ல மாட்டேன்.

மூணு ரோ தடிமன் ரேடியேட்டர்லதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. தடிமன் ஏற ஏற குளிர்ச்சி அதே அளவுக்கு ஏறாது, ஏன்னா முதல் ரோவைத் தாண்டும்போதே காத்து சூடாயிடும், பின்னாடி இருக்கற ரோவுக்கு சுடுகாத்துதான் போய்ச் சேரும். அதோட ட்யூபும் ஃபின்னும் சேர்ந்த அந்த நடுப்பகுதி, அதாவது கோர், தடிமனா இருந்தா அதுக்குள்ள காத்து நுழையறதே கஷ்டம். கரி ட்ராக் 2.1 கிலோமீட்டர்தான், வளைவு அதிகம், சென்னை பக்கத்துல இருக்கற இருங்காட்டுக்கோட்டை ட்ராக் மாதிரி நீட்டா இழுத்துட்டுப் போற ஸ்ட்ரெய்ட் கிடையாது, அதனால காத்தைத் தள்ளற வேகம் உங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அங்க 50 மில்லிமீட்டருக்கு மேல தடிமன் இருந்தா நஷ்டம்தான், ஃபேனும் ஒழுங்கா உக்காராது. ஃபின் ரொம்ப நெருக்கமா இருந்தாலும் இதே கதைதான், டயர்லருந்து பிச்சிட்டு வர்ற ரப்பர் துணுக்கும் மண்ணும் போய் அடைச்சிக்கும்.

என் தேர்வு, 36லருந்து 40 மில்லிமீட்டர் வரைக்கும் தடிமன் உள்ள ரெண்டு ரோ முழு அலுமினியம், டேங்க்கும் அலுமினியத்துல டிக் வெல்டிங் பண்ணினது. தடிமனைவிட முகப்புப் பரப்புதான் முக்கியம், அதனால டேப்பை எடுத்து முன்னாடி எவ்வளவு அகலம் எவ்வளவு உயரம் இடம் இருக்குன்னு அளந்துட்டு, அதுல அடங்கற பெரிய கோரா வாங்குங்க. கையில வந்ததும் ஹோஸ் மாட்டற குழாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க, வெல்டிங் உருண்டை உள்ள துருத்திக்கிட்டு இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. ஃபின்னை நகத்தால லேசா தள்ளிப் பாருங்க, ட்யூபோட ஒட்டாம ஆடிச்சுன்னா பிரேஸிங் சரியில்ல. மாட்டும்போது அடியில மேல ரெண்டு பக்கமும் ரப்பர் புஷ் கட்டாயம் வேணும், இரும்பு பிராக்கெட்ல இறுக்கி முடுக்கிட்டா அதிர்வுல வெல்டிங் விட்டுரும்.

பட்ஜெட் இடிக்குதுன்னா கம்பெனி சைஸ் பிளாஸ்டிக் டேங்க் புதுசை வாங்கறதுல தப்பே இல்ல. உங்க பழசு விரிசல் விட்டதுக்கு முக்கிய காரணம் வயசு, இருபது வருஷம் சூடாகி ஆறி சூடாகி ஆறி நைலான் மொறுமொறுன்னு ஆயிடும். உக்கடத்துலயோ புதுப்பேட்டைலயோ பழைய ரேடியேட்டர் மலிவா கிடைக்கும்தான், ட்ராக்குக்கு அது மட்டும் வேணாம், உள்ள எத்தனை ட்யூப் உப்புப் பிடிச்சு அடைச்சிருக்குன்னு வெளியருந்து தெரியாது.

வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு வாங்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். கூலன்ட் 95 டிகிரி, வெளில காத்து 20 டிகிரின்னா வித்தியாசம் 75. நம்ம ஊர் ஏப்ரல் மாசம் 38 டிகிரின்னா வித்தியாசம் 57தான். அதே ரேடியேட்டர், அதே வேகம், ஆனா வெளிய தள்ளற சூட்டுல கிட்டத்தட்ட கால் பங்கு போயிடுச்சு, இது போதாதுன்னு தார் ரோடு வேற கொதிக்கும். அங்க தாராளமா போதற ரேடியேட்டர் இங்க மல்லுக்கட்டறது இதனாலதான்.

அந்தக் கால் பங்கை எங்க மீட்கறதுன்னா, காத்துலதான். பம்பர் கிரில் வழியா வர்ற காத்து ரேடியேட்டரைச் சுத்தி ஒரு விரல் சந்து கிடைச்சாலும் அது வழியா நழுவிப் போயிடும், ஃபின்னுக்குள்ள கஷ்டப்பட்டு நுழையாது. மெல்லிசா அலுமினியம் தகடு வெட்டி கிரில்லருந்து ரேடியேட்டர் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அடைங்க, மேலயும் கீழயும் ஃபோம் ஒட்டுங்க. செலவு கம்மி, பலன் பெருசு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க, அந்த இடுக்குலதான் குப்பையும் செத்த பூச்சியும் வருஷக்கணக்கா சேர்ந்து கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், எஞ்சின் பக்கத்துலருந்து முன்னாடி பாத்து லேசான ஃபோர்ஸ்ல தண்ணி அடிச்சு கழுவுங்க. எஞ்சினுக்கு அடியில இருக்கற பிளாஸ்டிக் ஷீல்டைக் கழட்டி எறியாதீங்க, ரேடியேட்டரைத் தாண்டின காத்து ஒழுங்கா வெளியேற அது வேணும். வாஷர் போட்டு பானெட்டோட பின்பக்கத்தைத் தூக்கி விடறதையும் பண்ணாதீங்க, கண்ணாடிக்குக் கீழ காத்தழுத்தம் ஜாஸ்தி, ஓடும்போது அந்த வழியா காத்து வெளிய போறதுக்குப் பதிலா உள்ளதான் வரும்.

ரேடியேட்டர் மாத்தும்போது மூடியும் புதுசா மாத்திடுங்க. ஜப்பான் வண்டிகள்ல பெரும்பாலும் மூடி எவ்வளவு அழுத்தம் தாங்கும்ங்கறதை 0.9 இல்லன்னா 1.1னு மேலயே போட்டிருக்கும். 1.1 பார் மூடி ஒழுங்கா பிடிச்சா வெறும் தண்ணிகூட 120 டிகிரி வாக்குலதான் கொதிக்கும், ஸ்ப்ரிங் தளர்ந்துபோன மூடின்னா அதுக்கு ரொம்ப முன்னாடியே கொதிச்சு ரிசர்வ் டேங்க்ல பொங்கிடும். தண்ணி நிரப்பினப்புறம் ப்ளீட் போல்ட்டைத் தளர்த்தி காத்து முழுசா போற வரைக்கும் பொறுமையா இருங்க, ஏர்லாக் இருந்தா புது ரேடியேட்டரும் பழசு மாதிரியேதான் நடந்துக்கும்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா ட்ராக்ல கூலா ஓடும்னு எங்க மெக்கானிக் சொல்றார். செய்யலாமா சார்? – சென்னை வாசகர்

பதில்: வேண்டாம் சார். தெர்மோஸ்டாட்ங்கறது எஞ்சின் சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போற தண்ணிய மறிக்கற வால்வு. அது சீக்கிரமே, 80 டிகிரி வாக்குலயே திறக்க ஆரம்பிச்சிடும், நல்லா சூடாகறதுக்குள்ள முழுசா திறந்துடும், அதுக்கப்புறம் அது ரேடியேட்டருக்குத் தடையே இல்ல. கழட்டிட்டா ரோட்ல எஞ்சின் சூடேற ரொம்ப நேரம் ஆகும், எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் (ஈசியூ) எஞ்சின் இன்னும் சில்லுன்னு இருக்குன்னு நெனச்சு பெட்ரோலை அதிகமா ஊத்தும், சில எஞ்சின்ல பைபாஸ் வழி மூடாம போய் சுடுதண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம திரும்பிடும். பழசு ஒட்டிக்கிச்சோன்னு சந்தேகம்னா பாத்திரத்துல தண்ணி வெச்சு அடுப்புல கொதிக்க விட்டு அதுக்குள்ள போட்டுப் பாருங்க, திறக்கலேன்னா புதுசு வாங்கி மாட்டிடுங்க.

கேள்வி: ட்ராக்குக்கு கூலன்ட் நல்லதா, வெறும் தண்ணியா? – மதுரை வாசகர்

பதில்: சூட்டை எடுத்துட்டுப் போறதுல தண்ணிய அடிச்சுக்க ஆளில்ல, கூலன்ட்ல இருக்கற கிளைக்கால்ங்கற ரசாயனத்தைப் பாதிக்குப் பாதி கலந்தா அந்தத் திறன் குறையும். நம்ம ஊர்ல தண்ணி உறையற பயமும் இல்ல. ஆனா போர் தண்ணி, குழாய்த் தண்ணி ஊத்தினா உப்புப் படிஞ்சு அலுமினியம் அரிச்சிடும், அதனால டிஸ்டில்டு வாட்டர்ல துரு, அரிப்பு தடுக்கற அடிட்டிவ் கலந்து ஊத்துங்க. பல ரேஸ்கள்ல கிளைக்காலுக்குத் தடையே உண்டு, ட்ராக்ல கொட்டினா எண்ணெய் மாதிரி வழுக்கும், பின்னாடி வர்ற வண்டி சுத்திடும். ரோட்லயும் ட்ராக்லயும் ஒரே வண்டிய ஓட்டறீங்கன்னா, ஆர்கனைசர் அனுமதிச்சா, 20லருந்து 30 சதவீதம் வரைக்கும் கூலன்ட் கலந்துக்கலாம். செஷன் முடிச்சு வந்ததும் உடனே ஆஃப் பண்ணாதீங்க, ஒரு லேப் மெதுவா ஓட்டிட்டு வந்து, ஃபேன் ஓட ஓட ரெண்டு நிமிஷம் ஐடில்ல விட்டுட்டு ஆஃப் பண்ணுங்க, மேல் ஹோஸை கையால அமுக்க வர்ற அளவுக்கு ஆறுற வரைக்கும் மூடில கை வைக்காதீங்க.