கொலுசைக் கொடுத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அம்மா

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ஓ.எல். எழுத வேண்டிய பிள்ளை. நான்கு மாதமாகப் படிப்பில் மனமில்லை, சாப்பாடில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை. கிளினிக்கில் மனச்சோர்வு என்று சொல்லிப் புளூவொக்செட்டீன் குளிசை தந்தார்கள். அந்தக் குளிசை பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளும் என்று கட்டாரில் இருக்கும் என் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். பயத்தில் ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டேன். இரவில் நித்திரை வராததால் என் அம்மாவின் நித்திரைக் குளிசையில் பாதி கொடுக்கிறேன். இது பழகிவிடுமா? கல்யாணம், பிள்ளைப்பேறுக்குத் தடை வருமா? மூளை சுருங்குமா? இப்போது கொஞ்சம் அமைதியாகிவிட்டாள். போன கிழமை தன் கொலுசைச் சின்னம்மா மகளுக்குக் கொடுத்துவிட்டாள். "நான் இல்லாட்டி உங்களுக்கு ஒரு செலவு குறையும்" என்றும் சொன்னாள். இவரும் வயல் வேலையாக வெல்லாவெளிப் பக்கம் போனால் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். என்ன செய்வது?
(ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

பதில்: அம்மா, குளிசையைப் பற்றிப் பிறகு கதைப்போம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு மூன்று வரிதான் என்னை உலுக்கியது. ஆசையாகப் போட்ட கொலுசை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். நான் இல்லாவிட்டால் செலவு குறையும் என்கிறாள். நான்கு மாதமாகத் தவித்த பிள்ளை திடீரென்று அமைதியாகிறாள். இதைக் குணம் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிரை விடுவது பற்றி அவள் யோசிக்கிறாள் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் நினைப்பது பிழையாக இருந்தால் உங்களுக்கு ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான்.

ஆகவே இன்றைக்கே போங்கள். கொப்பியில் குறித்துத் தந்த அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். கொப்பியையும் மீதிக் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். மனநலப் பிரிவு அங்கே இருக்கிறது. இரவாகிவிட்டால் கிட்ட உள்ள அரச வைத்தியசாலைக்குப் போய், கொலுசைக் கொடுத்ததையும் அவள் சொன்னதையும் அப்படியே சொல்லுங்கள். "பிள்ளைக்கு நித்திரை இல்லை" என்று மட்டும் சொன்னால் வேறு ஏதோ குளிசையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழியில் தடுமாற்றம் வந்தால் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். அதுவரைக்கும் அவளைத் தனியே விட வேண்டாம்.

அவளிடம் கேட்கவும் வேண்டும். "செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா, மகள்?" என்று நேரடியாக, கோபமில்லாமல் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று எல்லாத் தாய்மாரும் பயப்படுகிறார்கள். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அதனால் மனத்தவிப்பும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வோடு இருந்த பிள்ளைகளுக்குக் கூட, கேட்டதால் தீங்கு நேரவில்லை. ஓம் என்று அவள் சொன்னால் அழுது புலம்பாமல், "சொன்னது நல்லது" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நேர்த்தி வைத்தேன், நூல் கட்டினேன் என்ற கதையெல்லாம் அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம்.

இனி வீட்டைப் பாருங்கள். வயல் செய்கிற வீடு என்றால் கிருமிநாசினிப் போத்தலும் களைகொல்லியும் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும். இன்றைக்கே அவரைக் கூப்பிட்டு அதை வீட்டிலிருந்து முழுதாக அகற்றச் சொல்லுங்கள். ஒளித்து வைப்பது போதாது, பிள்ளைகளுக்கு எல்லா மூலையும் தெரியும். உங்கள் அம்மாவின் குளிசைகள் உட்பட வீட்டிலுள்ள அத்தனை மருந்தும் ஒரு பெட்டியில் பூட்டப்பட்டு, திறப்பு உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும். 1995 அளவில் இந்த நாட்டில் லட்சம் பேருக்கு 47 பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக மோசமான கணக்குகளில் அதுவும் ஒன்று. மிகவும் கொடிய கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு, இருபது வருடத்தில் அந்த வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. சனங்களின் கவலை அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. உயிரை விடத் தூண்டும் வேகம் பலருக்கு அலைபோல வந்து வடிவது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் பிள்ளை தப்பிவிடும்.

சரி, இப்போது குளிசை. தம்பி அனுப்பிய வீடியோ முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பாதி உண்மையை வைத்துப் பயங்காட்டுவது பொய்யை விடக் கெடுதல் செய்யும். நடந்தது இதுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 24 ஆய்வுகளை, 4,400க்கும் மேற்பட்ட சிறுவர்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வெறும் மாக் குளிசை தின்ற நூறு பேரில் இரண்டு பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தது. மருந்து தின்ற நூறு பேரில் நான்கு பேருக்கு வந்தது. அத்தனை பேரிலும் ஒருவர் கூடத் தற்கொலையால் இறக்கவில்லை. அதனால் 2004இல் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடச் சொன்னார்கள். தொடங்கிய முதல் கிழமைகளிலும், அளவை மாற்றும்போதும் பிள்ளையைக் கிட்ட இருந்து பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். குளிசையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை.

அதே 2004இல் இன்னொரு ஆய்வும் வெளிவந்தது. வீடியோக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. 12 முதல் 17 வயது வரையான 439 பிள்ளைகள், எல்லாருக்கும் உங்கள் மகளைப் போலக் கடும் மனச்சோர்வு. நான்கு குழுவாகப் பிரித்து 12 கிழமை பார்த்தார்கள். மாக் குளிசையில் தேறியவர்கள் 35 சதவீதம், பேச்சு வழிச் சிகிச்சையில் மட்டும் 43, நீங்கள் நிறுத்திய அதே புளூவொக்செட்டீனில் 61, இரண்டும் சேர்ந்தால் 71. தொடர்ந்து பார்த்தபோது 36ஆம் கிழமையில் குளிசையும் பேச்சும் தனித்தனியே 81ஐ எட்டின. இரண்டும் சேர்ந்தது 86. தற்கொலை சார்ந்த ஆபத்தும், குளிசை மட்டும் எடுத்தவர்களை விட, பேச்சும் சேர்த்துப் பெற்றவர்களிடம் குறைவு. ஆக, மருந்து வேகமாகத் தூக்கிவிடுகிறது, பேச்சு அதைப் பாதுகாப்பாக்குகிறது. 2016இல் 34 ஆய்வுகளைச் சேர்த்து 14 மருந்துகளை ஒப்பிட்டார்கள்; இந்த வயதில் மாக் குளிசையை விட மேலானது என்று தெளிவாக நின்றது புளூவொக்செட்டீன் ஒன்றுதான். உங்கள் கிளினிக் வைத்தியர் சரியான குளிசையைத்தான் எழுதியிருக்கிறார். மனம் மாறித் தெரிய நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். ஒன்பது நாளில் என்ன தெரியும், அம்மா?

பேச்சு வழிச் சிகிச்சைக்குக் கொழும்புக்கா போவது என்று யோசிக்க வேண்டாம். பிரித்தானியாவில் 465 பிள்ளைகளுக்கு மூன்று விதமான பேச்சுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். நீண்ட பயிற்சி வேண்டிய இரண்டோடு, எளிமையான மூன்றாவதும் சமமாகவே நின்றது. நம் வைத்தியசாலையின் உளவளத்துணையாளரிடம் தவறாமல் போய்வந்தாலே நிறையப் பலன் கிடைக்கும். தவறாமல் என்பதுதான் முக்கியம்.

மற்றக் கேள்விகளுக்கு இவ்வளவு போதும். புளூவொக்செட்டீன் பழகிவிடாது. கல்யாணத்துக்கோ கர்ப்பப்பைக்கோ இதனால் ஒன்றும் ஆகாது. மூளை சுருங்குவது கட்டுக்கதை. முதல் கிழமைகளில் வயிற்றுப் பிரட்டலும் தலையிடியும் வரலாம், போய்விடும்.

பாட்டியின் நித்திரைக் குளிசையை இன்றோடு நிறுத்துங்கள், ஆனால் அதை எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கிற வழக்கத்தால் எத்தனை பிள்ளைகளை வாட்டில் பார்த்துவிட்டேன். மனச்சோர்வை அது ஆற்றாது, மந்தமாக்கும், பழகியும்விடும். இருந்த அமைதியில் பாதி அந்தக் குளிசையுடையதாகக்கூட இருக்கலாம்.

புளூவொக்செட்டீனை நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம். வைத்தியர் அவளைப் பார்த்துச் சொல்லட்டும். தொடங்கினால் முதல் நான்கு கிழமைக்குக் கிழமைக்கொரு தடவை பார்க்கத் திகதி கேட்டு வாங்குங்கள். குளிசையை ஒவ்வொரு நாளும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஓரிடத்தில் இருக்க முடியாத பரபரப்பு, வழக்கமில்லாத எரிச்சல், நித்திரை முற்றாக இல்லாமற்போவது, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே போங்கள்.

ஓ.எல். அடுத்த வருடமும் எழுதலாம். அதை அவள் காதில் விழும்படி அப்பாவை விட்டே சொல்லச் சொல்லுங்கள். தம்பியும் வீடியோ அனுப்புவதை விட்டுவிட்டு, இரவில் ஒரு தடவை மருமகளைக் கூப்பிட்டுக் கதைக்கட்டும். வைத்தியசாலையில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அம்மா.