வாசகர் கேள்வி: ஓரியூர் மண்

கேள்வி: எங்கள் அம்மாயி, லயக் காம்பிராவில் சாமி படத்துக்குக் கீழே சிறிய தகரப் பேணியொன்றில் சிவப்பு மண் வைத்திருந்தார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசி, "அருளானந்தரே, காப்பாத்துங்க" என்பார். அது ஓரியூர் மண் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். அருளானந்தர் யார்? ஏன் கொல்லப்பட்டார்?
— ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: ஓரியூர், இராமநாதபுரம் சீமையில் பாம்பாற்றங்கரையில் உள்ளது. இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில் தோணியேறி மன்னாருக்கு வந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த நம் முன்னோரில் பலர் அந்தச் சீமையினரே. உங்கள் அம்மாயியின் குடும்பமும் அவ்வாறு வந்திருக்கலாம்.

அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜோன் டி பிரிட்டோ, 1647இல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்து, போர்த்துக்கல் இளவரசர் பேதுருவின் தோழராக அரண்மனையில் வளர்ந்தவர். 15 வயதில் கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையில் சேர்ந்து, 1673இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அந்தச் சபையின் வேதபோதகப் பணியான மதுரை மிஷனில் அவருக்கு முன்பிருந்த குருக்கள் சிலர் பிராமண சந்நியாசியரைப் போல வாழ்ந்ததால், ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக இயலாதிருந்தனர். இவரோ காவியுடுத்து, புலால் நீக்கி, எல்லாச் சாதியாரிடமும் செல்லக்கூடிய பண்டாரச் சுவாமியாக ஊர் ஊராக நடந்தார். அவருடைய வாழ்வில் நான் மிகவும் மதிப்பது இந்தத் தெரிவைத்தான்.

1686இல் மறவர் நாடு எனப்பட்ட இராமநாதபுரம் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானவரை, இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு அந்நாட்டு மன்னர் கிழவன் சேதுபதி விடுவித்தார். பிறகு சபையின் பணியாக லிஸ்பன் சென்றபோது, அரசராகியிருந்த பழைய தோழர் அங்கேயே தங்கிவிடும்படி வேண்டியும் அவர் இணங்காமல், தடை இருந்த நாட்டுக்கே திரும்பி வந்தார்.

மரணத்துக்கான காரணத்தை முழுமையாகச் சொல்ல வேண்டும். சேதுபதியின் அரியணைக்கு உரிமை கோரக்கூடியவரான தடியத் தேவர், நோய் நீங்கியதும் 1693 சனவரியில் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரண்மனைக்குச் சென்று முறையிட்டார். நம் பிரசங்கங்களில் அந்தப் பெண் வஞ்சகியாக மட்டுமே வருகிறார். ஒரே நாளில் வாழ்விழந்த ஒருத்தியின் வேதனையை எண்ணிப் பார்ப்பதால் வேதசாட்சியின் மகிமை சற்றும் குறையாது என்பதே என் எண்ணம். அரியணை பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்ள, அருளானந்தர் கைதாகி ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். கொலைக்கு முதல்நாள் சிறையிலிருந்து, கரியை மையாக்கி, சக குருக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்மீது சாட்டப்பட்ட குற்றமே அறமாக இருக்கையில் துன்பப்படுவது பெருமை என்பது அதன் கருத்து. மறுநாள், 1693 பெப்ரவரி 4, விபூதிப் புதன் அன்று, தலை வெட்டப்பட்டது.

அவருடைய இரத்தம் பட்டே அங்கு மண் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது; அதற்கு வெகுகாலம் முன்பே சைவரும் கிறிஸ்தவரும் அந்த மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு போகத் தொடங்கிவிட்டனர். அந்தப் பேணி இன்னும் இருந்தால், அதை யார், எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார் என்று வீட்டின் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.