சொந்தமாக மேஜிக் கார்டு செய்பவர்களுக்கு: கேள்வி-பதில்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்துக்குத் தாங்களே கார்டு எழுதிப் பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேள்விகள் பல திசையில் போனாலும் என் பதில்கள் அடிக்கடி ஒரே இடத்துக்கு வந்து சேரும். கார்டை இறக்குபவரின் சந்தோஷத்தை எல்லோரும் யோசிக்கிறோம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படிச் சமாளிப்பார் என்பதையும் அதே அளவு யோசிக்க வேண்டும். ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: கார்டை இறக்கக் கொடுக்கும் விலை மானா, ஒருவருடைய முறை டர்ன், சண்டை போடும் கார்டு கிரீச்சர்; 5/5 என்றால் அது கொடுக்கும் அடி 5, தாங்கும் அடி (டஃப்னஸ்) 5; லைஃப் தீர்ந்தவர் தோற்றார்.

சிவப்பில் 3 மானாவுக்கு 5/5, பறக்கும் டிராகன் ஒன்று செய்தேன். ரொம்ப பலம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மானாவைக் கூட்டாமல் சரிசெய்ய முடியுமா?

முதலில் கணக்குப் பார்ப்போம். மூன்றாவது டர்னில் இறங்கி, நான்காவதிலிருந்து அடிக்க ஆரம்பித்தால், 20 லைஃப் நான்கே அடியில் தீர்ந்துவிடும். ஏழாவது டர்னில் ஆட்டம் முடிந்தது. மற்ற கார்டுகள் எதுவுமே தேவைப்படாது. அச்சான கார்டுகளோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருக்கும் ஷிவன் டிராகனும் 5/5, பறக்கும், ஆனால் 6 மானா. செர்ரா ஏஞ்சல் 4/4, அதற்கு 5 மானா. ஒரு கார்டு எழுதும்போதெல்லாம் அதே நிறத்தில், அதே வேலையைச் செய்யும் இரண்டு மூன்று பழைய கார்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

மானாவைக் கூட்ட மனமில்லை என்றால் ஒரு பலவீனம் கொடுக்கலாம். ஆனால் அது நிஜமான பலவீனமாக இருக்க வேண்டும். "இறக்கும்போது 2 லைஃப் இழக்க வேண்டும்" என்று எழுதுவதை எதிராளி பொருட்படுத்தவே மாட்டார். ஃபிரெக்ஸியன் நெகேட்டரைப் பாருங்கள். அதுவும் 3 மானாவுக்கு 5/5தான். அதன்மேல் எத்தனை டேமேஜ் விழுகிறதோ அத்தனை பெர்மனென்ட்டுகளை (களத்தில் நிற்கும் கார்டுகளை) அதன் சொந்தக்காரர் இழக்க வேண்டும். எதிராளியின் கையில் ஒரு லைட்னிங் போல்ட் இருந்தால் போதும், ஒரு மானா செலவில் மூன்று பெர்மனென்ட் காலி. டெசக்ரேஷன் டீமன் இன்னொரு வழி: 4 மானா, 6/6, பறக்கும். ஒவ்வொரு சண்டையிலும் எதிராளி தன் கிரீச்சர் ஒன்றைப் பலி கொடுத்து அதை முடக்கிவைக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அது இன்னும் பெரிதாகும். இரண்டிலுமே எதிராளிக்குச் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது.

பலவீனம்போலத் தோன்றி பலமாக மாறுகிறவையும் உண்டு. ஸ்கல்கிளாம்ப் என்ற, கிரீச்சருக்கு மாட்டும் ஆயுதக் கார்டு இதற்கு நல்ல பாடம். அதை மாட்டிய கிரீச்சருக்கு +1/-1, அது செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். அந்த "-1" ஏதோ தண்டனைபோலத் தெரிகிறது. ஆனால் டஃப்னஸ் 1 உள்ள சின்ன கிரீச்சருக்கு மாட்டினால் அது உடனே சாகும், ஒரு மானாவுக்கு இரண்டு கார்டு கையில் வரும். 2004 பிப்ரவரியில் வந்த அந்தக் கார்டை ஜூனிலேயே ஸ்டாண்டர்ட் என்ற, புதிய தொகுப்புகளை மட்டும் வைத்து ஆடும் ஆட்ட வகையில் தடை செய்தார்கள்.

நீலத்தில் நேரடியாக டேமேஜ் கொடுக்கும் மந்திரவாதி செய்தால் நிறம் தப்பு என்கிறார்கள். பழைய ப்ராடிகல் சார்சரர் நீலம்தானே?

ஆமாம், நீலம்தான். டேப் செய்தால் (கார்டைப் பக்கவாட்டில் திருப்பினால்) 1 டேமேஜ். 1993-இல் எந்த நிறம் எதைச் செய்யலாம் என்ற கோடுகள் இன்னும் இறுகவில்லை. ஒரே ஒரு நீல மானாவுக்கு மூன்று கார்டு எடுக்கும் ஆன்செஸ்ட்ரல் ரீகாலும், ஒரு வெள்ளை மானாவுக்கு 3 லைஃப் தரும் ஹீலிங் சால்வும் ஒரே வரிசைக் கார்டுகளாக வந்த காலம் அது. ஒன்று ஆட்டத்தின் மிகப் பலமான கார்டுகளில் சேர்ந்தது, மற்றதை யாரும் டெக்கில் வைப்பதில்லை. பின்னால் கோடுகள் தெளிவானபோது, 2007-இல் பிளேனர் கேயாஸ் தொகுப்பில் அதே சார்சரரை ப்ராடிகல் பைரோமேன்சர் என்று சிவப்புக்கு மாற்றிவிட்டார்கள். மானா எண்ணிக்கையும் அதுவே, 1/1 என்பதும் அதுவே. நிறம் மட்டும் மாறியது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், ஒரு நிறத்தால் முடியாதவைதான் அதை மற்ற நிறத்திலிருந்து பிரிக்கின்றன. நீலம் ஸ்பெல்லை (மானா கொடுத்துப் போடும் கார்டை) தடுக்கும், கிரீச்சரைக் கைக்குத் திருப்பி அனுப்பும், கார்டு எடுக்கும். ஏற்கெனவே களத்தில் நிற்கும் கிரீச்சரை நிரந்தரமாக ஒழிப்பது அதற்குக் கஷ்டம். நீலத்தை எதிர்த்து ஆடுபவர் நம்பியிருப்பதே அந்த இடைவெளியைத்தான். உங்கள் மந்திரவாதி அதை அடைத்துவிடுகிறார். அவர் டேமேஜ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நீலமும் சிவப்பும் கலந்த கார்டாக்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

யாளியைக் கார்டாக்க ஆசை. சிங்க உடல், யானைத் துதிக்கை என்பதால் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக், டிராம்பிள், விஜிலென்ஸ் என்ற சண்டைத் திறமைகள் எல்லாம் கொடுத்தேன். ஆனாலும் யாளி மாதிரித் தெரியவில்லையே?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. உருவத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு திறமை என்று கொடுத்திருக்கிறீர்கள். பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டால் அது எந்த மிருகமாகவும் இருக்கலாம். இன்னிஸ்ட்ராட் தொகுப்பில் ஓநாய் மனிதர்களை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். ஒரு டர்ன் முழுக்க யாருமே ஸ்பெல் போடாவிட்டால், மனிதன் கார்டு புரண்டு ஓநாயாகிறது. ஒருவர் ஒரே டர்னில் இரண்டு ஸ்பெல் போட்டால் மறுபடி மனிதன். அதனால் எதிராளி ஓநாய் வந்துவிடுமே என்ற பயத்தில் வேண்டாத ஸ்பெல்லைக்கூடப் போடுவார். அந்தப் பயத்தை விதியே உண்டாக்குகிறது, படம் கூட இரண்டாம்பட்சம்தான்.

யாளியைப் பற்றி நினைத்தால் நமக்கு முதலில் வருவது கோயில் மண்டபத் தூண். அசையாமல் நிற்கிறது, ஆனால் பாயத் தயாராக இருக்கிறது. அதை அப்படியே விதியாக்குங்கள். 4 மானா, 4/5, டிஃபெண்டர், அதாவது அது தாக்கப் போக முடியாது. எதிராளி உங்களைத் தாக்கினால், உங்கள் அடுத்த டர்ன் முடியும்வரை அது டிஃபெண்டர் இல்லாததுபோலத் தாக்கலாம். இவ்வளவுதான். இப்போது எதிராளி ஒவ்வொரு முறையும் "தூணைச் சீண்டலாமா?" என்று யோசித்துத்தான் தாக்குவார். வெள்ளைக்குப் பொருந்தும் கார்டு. எண்களை ஆடிப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு கார்டில் எத்தனை வரி எழுதலாம்?

பொதுக் கார்டுகளில் (காமன், அதாவது அதிகம் கிடைக்கும் கார்டுகளில்) நான்கு வரியைத் தாண்டினால் எதையாவது வெட்டுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்கள் கார்டைத் தலைகீழாகத்தான் பார்க்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

"இந்த கிரீச்சர் இறங்கும்போது டார்கெட் கிரீச்சரை அழி" என்று எழுதினேன். களத்தில் வேறு கிரீச்சரே இல்லாதபோது தன்னையே அழித்துக்கொள்ள வேண்டும் என்கிறான் தம்பி. சரியா?

தம்பி சொல்வது சரி. டார்கெட் செய்வது கட்டாயம் என்பதால், தகுதியான ஒரே கிரீச்சர் அதுவாக இருந்தால் அதையேதான் குறிவைக்க வேண்டும். ஃப்ளேம்டங் காவு இப்படித்தான் வேலை செய்கிறது. 4/2 கிரீச்சர், இறங்கும்போது ஒரு கிரீச்சருக்கு 4 டேமேஜ். காலி மேசையில் இறக்கினால் தன்னையே சுட்டுக்கொள்ளும். 2018-இல் வந்த ராவெனஸ் சுபகாப்ராவில் "எதிராளியின் கிரீச்சர்" என்று தெளிவாக எழுதிவிட்டார்கள், அந்த ஆபத்து போனது. இரண்டுமே நல்ல கார்டுகள். எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்து எழுத வேண்டும், அவ்வளவுதான். நான் காவு பக்கம்: எப்போது இறக்குவது என்று யோசிக்கவைக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். கார்டின் வாசகத்துக்கு நடுவில் முக்காற்புள்ளி (:) வந்தால் இடப்பக்கம் விலை, வலப்பக்கம் பலன். வாசகம் "வென்" (when), "வென்எவர்" (whenever), "அட்" (at) என்று தொடங்கினால் அது தானாக நடக்கும், நீங்கள் விலை கொடுப்பதில்லை. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள்.

எப்படிச் சோதிப்பது? கடைசியில் ஒரு சின்னத் திருத்தம் செய்தாலும் மறுபடி ஆட வேண்டுமா?

கட்டாயம் ஆட வேண்டும். "நாடு, விங்டு விஸ்டம்" (Nadu, Winged Wisdom) என்ற கார்டு மாடர்ன் ஹொரைசன்ஸ் 3 தொகுப்பில் 2024 ஜூனில் வந்தது, ஆகஸ்டில் மாடர்ன் என்ற ஆட்ட வகையில் தடையானது. உங்கள் கிரீச்சர் குறிவைக்கப்படும்போதெல்லாம் டெக்கின் மேல் கார்டு உங்களுக்கு வரும், ஒவ்வொரு கிரீச்சருக்கும் டர்னுக்கு இரண்டு முறை. ஷூகோ போன்ற, மாட்ட மானாவே தேவைப்படாத ஆயுதம் இருந்தால் இலவசமாகக் குறிவைத்துக்கொண்டே போகலாம். கடைசிக் கட்டத்தில் வாசகத்தை மாற்றியதாகவும், அந்த வடிவத்தைச் சரியாகச் சோதிக்காமல் விட்டதாகவும் அதன் வடிவமைப்பாளரே பிறகு எழுதினார். முழுநேரமாக இதே வேலையைச் செய்கிறவர்களுக்கே இப்படி நடக்கிறது.

சோதனைக்கு அழகான அச்சு வேண்டாம். ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஸ்லீவுக்குள் (கார்டு உறைக்குள்) மானா தரும் சாதாரண பேசிக் லேண்ட் கார்டுக்கு முன்னால் செருகினால் போதும். அப்புறம் உங்கள் கார்டை நண்பர் கையில் கொடுத்து, நீங்கள் அதற்கு எதிராக ஆடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ அங்கேதான் வாசகம் குழம்பியிருக்கிறது. உங்களுக்கு எங்கே சலிக்கிறதோ அங்கே கார்டு அளவுக்கு மீறிப் பலமாக இருக்கிறது.

அச்சிட்டு விற்கலாமா? அளவு என்ன?

அளவு 63 × 88 மி.மீ. வெட்டும்போது ஓரம் வெள்ளையாகத் தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். படம் 300 டிபிஐக்குக் குறைய வேண்டாம். வார்ப்புருவுக்கு மேஜிக் செட் எடிட்டர் என்ற இலவச மென்பொருள் போதும்.

விற்க வேண்டாம். மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் ரசிகர் படைப்புக் கொள்கை, இலவசமாகப் பகிர்வதைத்தான் அனுமதிக்கிறது. பின்பக்கத்தில் அசல் மேஜிக் கார்டின் படத்தைப் போடவே போடாதீர்கள், போலிக் கார்டு என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். இணையத்தில் கிடைத்த ஓவியத்தை வரைந்தவரைக் கேட்காமல் எடுப்பதும் கூடாது. கேட்டால் பலர் சந்தோஷமாகச் சம்மதிக்கிறார்கள், பெயரைக் கார்டின் கீழே போடுங்கள்.

என் கார்டை அந்த நிறுவனத்துக்கே அனுப்பலாமா?

பயனில்லை. கேட்காமல் வரும் கார்டு யோசனைகளை அவர்களுடைய வடிவமைப்பாளர்கள் சட்டக் காரணங்களுக்காகப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவர்களே கதவைத் திறந்த சந்தர்ப்பங்கள் உண்டு. ரசிகர்கள் வாக்களித்து உருவாக்கிய குரூசிபிள் ஆஃப் வேர்ல்ட்ஸ் 2004-இலும், வேஸ்ட் நாட் 2014-இலும் அச்சாயின. புதிய வடிவமைப்பாளர்களைத் தேடும் போட்டியை மூன்று முறை நடத்தியிருக்கிறார்கள், முதலாவது 2006-இல். அடுத்து எப்போதாவது அறிவித்தால், உங்களிடம் ஆடித் திருத்திய கார்டுகள் கைவசம் இருக்கட்டும். அதுவரை 40 கார்டு டெக் இரண்டு, முழுக்க உங்கள் கார்டுகளாலேயே செய்து பாருங்கள். ஆளுக்கு ஒன்றாக எடுத்து ஆடி முடித்ததும், டெக்கை மாற்றிக்கொண்டு இன்னொரு ஆட்டம் ஆடுங்கள்.