யாளி முட்டையும் ஒரு வாய்க்கூடையும்

கேள்வி: குழந்தைக்காக நீங்களே கட்டிச் சொன்ன மாயக் கதை ஏதாவது உண்டா? எப்படிக் கட்டினீர்கள்?

உண்டு. ஒரு வருடமாக ஓடுகிறது. முடிக்கத்தான் விடமாட்டேன் என்கிறாள் மகள்.

கோயில் தூணில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்குமே, விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. அது எப்படி உள்ளே போச்சு என்று கேட்டாள். வெளியிலிருந்து போடவில்லை, வாயைக் குடையும்போதே அதே கல்லில் உருண்டையையும் செதுக்கிவிடுவார்கள் என்று உண்மையைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. சரி என்று, "அது யாளியோட முட்டை" என்றேன். முட்டையைப் போய் வாயில் வைக்குமா என்று மடக்கினாள். வைக்குமே! குளத்து ஜிலேபிக் கெண்டையில் தாய்மீன் முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கிறது. இது பொய்யில்லை என்பதால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அப்புறம் முட்டை பொரிந்தது. அந்த யாளிக்குட்டி, கவுசி என்ற பெண்ணின் கைக்கு வந்தது. வயது பதிமூன்று, என் மகளுக்கு ஒன்பது என்பதால் அதுவே பெரிய மனுஷி வயது. குட்டியை எங்கே ஒளிப்பது?

இங்கேதான் என் அம்மாவின் ஊர் கை கொடுத்தது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், கூடவே நின்று மேய்க்க வேண்டியதில்லை. அதோடு காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். ஆறு மாதம் வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். யாளிக்குட்டியையும் செம்மண் நிறமாக்கிவிட்டேன். ஆறு மாதம் கன்றோடு கன்றாக நிற்கலாம். (கடைசிவரை செவலையாகவே, அதாவது சிவப்பாகவே இருக்கும் மாடும் உண்டு என்று சண்டைக்கு வராதீர்கள். கவுசியின் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வைத்திருந்தது எல்லாம் சாம்பல் நிற மயிலை.)

யாளிக்குட்டியின் தும்பிக்கைதான் சிக்கல். மாட்டின் வாயில் கட்டும் கயிற்றுக் கூடையான வாய்க்கூடையை மாட்டி மறைத்தாள் கவுசி.

"ஏன் அம்மிணி, அந்தக் கன்னுக்கு மட்டும் எதுக்கு வாக்கூடை?"

"மண்ணத் திங்குதுங்க அப்புச்சி."

மண் தின்னும் கன்றுக்கு வாய்க்கூடை போடுவது வழக்கம்தானே, அப்புச்சி தலையாட்டிவிட்டுப் போனார். ராத்திரி கட்டுத்தரையில் கூடையைக் கழற்றி, அட்டாலியில் (பரணில்) பதுக்கிய வெள்வேலங்காயை ஊட்டுவாள். குட்டி மென்றால் கல் அரைபடும் சத்தம் வரும். அதை மறைக்க ஆட்டாங்கல்லைச் சுற்றுவாள். பாதி ராத்திரியில் மாவாட்டுகிறவளை வீட்டில் யாருமே திட்டவில்லை என்பதுதான் கதையில் நம்ப முடியாத இடம் என்கிறாள் என் மனைவி.

ஒருநாள் விடியற்காலை முளைக்குச்சியில் புது வாய்க்கூடை ஒன்று தொங்கியது. தேங்காய்க் கயிற்றில் பின்னியது, பழையதைவிடப் பெரியது, மூக்குப் பக்கம் மட்டும் நீளமாக. யார் பின்னியது என்று நான் சொல்லவே இல்லை. "அப்புச்சி!" என்று போர்வைக்குள்ளிருந்து கத்தினாள் மகள்.

இப்போது கதையில் ஏழாம் மாதம். கன்றுகள் எல்லாம் நிறம் மாறிவிட்டன, ஒன்று மட்டும் சிவப்பு. எனக்கே வழி தெரியாமல் மூன்று நாள் இழுத்தேன். அடுப்புச் சாம்பலைப் பூசிவிடலாம் என்றாள் மகள். மழை வந்தால் கரைந்துவிடுமே என்றேன்.

"காங்கேயத்துல எங்கப்பா மழை வருது?"