லேயர்களை ஒன்றாக்கியதும் பனிமூட்டம் கறுத்துப்போனது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போட்டோஷாப்பில் போஸ்டர் செய்தேன். மூன்று லேயர்கள், அதாவது அடுக்குகள்: அடியில் தேயிலைத் தோட்டப் படம், அதன்மேல் வெள்ளை எழுத்தில் பண்டிகை விவரம். எல்லாவற்றுக்கும் மேலே, கறுப்புப் பின்னணியில் இருந்த பனிமூட்டப் படத்தை ஸ்கிரீன் மோடில் (கறுப்பை மறைத்து வெளிச்சத்தை மட்டும் காட்டும் கலப்பு முறை) வைத்தேன். எழுத்து, பனி இரண்டையும் தேர்ந்தெடுத்து, ஒரே லேயராக்க மெர்ஜ் கொடுத்ததும் தோட்டம் மறைந்து ஒரே கறுப்பு. சேவ் செய்து மூடியும்விட்டேன். வேலை போச்சா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: போகவில்லை. ஃபைலைத் திறந்து, அந்தக் கறுத்த லேயரின் மோடை மறுபடி ஸ்கிரீன் என்று மாற்றுங்கள். கறுப்பு விலகித் தோட்டம் தெரியும். உங்கள் எழுத்து வெள்ளை என்பதால் தப்பித்தது. கருநீலமோ கறுப்போ என்றால் அதுவும் சேர்ந்து காணாமல் போயிருக்கும்.

நடந்தது இதுதான். ஸ்கிரீன் மோடில் கறுப்பு தெரியாமல் போவதற்குக் கீழே ஒரு படம் வேண்டும். நீங்கள் சேர்த்தது எழுத்து லேயரோடு. அதில் எழுத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் வெற்றிடம். கலக்க ஒன்றும் இல்லாததால் கறுப்பு கறுப்பாகவே தங்கி, கீழுள்ளதோடு கலக்காத நார்மல் மோடில் தோட்டத்தை மூடிவிட்டது. மல்டிப்ளை மோடில் (கீழுள்ளதை இருட்டாக்கும் முறை) வைத்த நிழலும் இப்படித்தான் நிறம் மாறும். மோடு மாற்றிய லேயரைச் சேர்த்தே ஆகவேண்டுமென்றால் அடிப்படம் வரை சேர்த்துத்தான் செய்யவேண்டும்.

ஆனால் எதற்குச் சேர்க்கவேண்டும்? குன்னூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பண்டிகை போஸ்டர் என்றால் பிரிண்டுக்குப் போகும் நேரத்தில் போன் வரும்: "அண்ணா, அன்னதானம் பன்னிரண்டரைக்கு, கொஞ்சம் மாத்திக் குடுங்க." மெர்ஜ் ஆன எழுத்து வெறும் படம், அதில் ஒரு எண்ணைக்கூடத் தட்டி மாற்ற முடியாது. 1994-ல் 3.0 பதிப்பு வரும்வரை போட்டோஷாப்பில் லேயரே கிடையாது, ஒட்டினால் ஒட்டியதுதான். கிடைத்த வசதியை நாமே ஏன் அழிக்கவேண்டும்?

லேயர் நிறைய ஆகிக் குழப்பினால் கண்ட்ரோல்-ஜி அழுத்தி குரூப் ஆக்குங்கள், உள்ளிருக்கும் லேயர்களைக் கீழுள்ள படத்தோடு கலக்கவிடும் பாஸ் த்ரூ மோடை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாம் சேர்ந்த ஒரே படம் வேண்டுமா? மேல் லேயரைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-ஆல்ட்-ஷிஃப்ட்-ஈ. கண்ணில் தெரிவதெல்லாம் புதிய லேயராக மேலே வரும், பழையவை அப்படியே கீழே இருக்கும். எல்லா லேயரையும் ஒன்றாக்கும் ஃபிளாட்டன் மட்டும் வேண்டாம். அது, கண் குறியை அணைத்து மறைத்துவைத்த லேயர்களைத் தூக்கி எறிந்துவிடும்.

கேள்வி: ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் செய்ததை ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்தால் லேயர்கள் இருக்குமா?
— வாசகர், ஊட்டி

பதில்: இருக்காது. முதலில் ஜிம்ப்பின் சொந்த ஃபைல் வகையான எக்ஸ்.சி.எஃப். ஆக சேவ் செய்யுங்கள், அதில் லேயர்கள் இருக்கும், அப்புறம் பிரிண்டருக்கு ஜேபெக் அனுப்புங்கள்.