கிராங்க் கடையாமல் 0.25 பெயாரிங்கா?
டொயோட்டா கொரோலாவின் 5ஏ எஞ்சினுக்கு, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) கடையாமலே 0.25 பெயாரிங் (அந்தத் தண்டு சுழலும் உலோக ஓடு) போடலாம் என்று கராஜ் பாஸ் சொன்னாராமே, வேண்டாம் சகோ. அது கிராங்கை 0.25 மி.மீ. கடைந்த பிறகு போடும் அளவு, கடையாத கிராங்கில் வைத்து போல்ட்டை இறுக்கினால் கையால் சுற்றக்கூட முடியாது. முதலில் லேத்தில் கொடுத்து ஒவ்வொரு ஜேர்னலையும் (கிராங்கில் பெயாரிங் அமரும் வழுவழுப்பான பகுதி) மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். முட்டை வடிவில் தேய்ந்திருந்தால், ஆழமாகக் கீறியிருந்தால் கடையத்தான் வேண்டும். ஸ்டாண்டர்டாகவே (கடையாத கம்பனி அளவிலேயே) இருந்தால் எஞ்சின் பிளாக்கிலும் கிராங்கிலும் குத்தியுள்ள நம்பர்களைக் கூட்டி, அதற்குரிய மெயின் பெயாரிங்கை (பிளாக்கில் கிராங்கைத் தாங்குவது) கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கேளுங்கள், பழையதையும் கையோடு கொண்டு போங்கள் (கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார், நம்பாதீர்கள்). கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் தண்டு) பெயாரிங்குக்கு அந்தத் தண்டின் மூடியிலேயே தனி நம்பர் இருக்கும். அப்புறம், பூட்டும்போது பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து பெயாரிங்குக்கும் கிராங்குக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்காமல் விடாதீர்கள்.