அராகிடோனிக் அமிலம் உடலில் அழற்சியை உண்டாக்குமாமே, அதை அடியோடு தவிர்க்க வேண்டுமா?

வேண்டாம். நினைத்தாலும் முடியாது. சாப்பாட்டில் துளிகூட இல்லாவிட்டாலும், தாவர எண்ணெய்களில் இருக்கும் லினோலெயிக் அமிலத்தை வைத்து நம் உடலே அதைத் தயாரித்துக்கொள்ளும். (பூனைக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது, இறைச்சி தின்றே ஆக வேண்டும்.) தாய்ப்பாலிலும் இது இருக்கிறது. வெறும் விஷமாக இருந்தால் அங்கே அதற்கு என்ன வேலை?

இது 20 கார்பன் கொண்ட ஒமேகா-6 கொழுப்பு அமிலம். பெரும்பகுதி செல் சவ்விலேயே ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். அடிபட்டாலோ கிருமி நுழைந்தாலோ பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி அதை வெட்டி விடுவிக்கும். அதற்கப்புறம் அது எந்த நொதியின் கையில் சிக்குகிறது என்பதுதான் விஷயம்.

சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமாகக் காக்ஸ், அதைப் பிடித்தால் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகும். காய்ச்சல், வலி, வீக்கம் எல்லாம் இவற்றின் கைவரிசை. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் இவைதான். காக்ஸை அடக்கும் வலி மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறவர்களுக்கு வயிற்றில் புண் வருவது இதனால்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ரத்தக்குழாய். ரத்தத் தட்டணுக்கள் இதே அமிலத்திலிருந்து திராம்பாக்ஸேன் செய்து ரத்தத்தை உறைய வைக்கின்றன. குழாயின் உட்சுவரோ புரோஸ்டாசைக்ளின் செய்து உறைவதைத் தடுக்கிறது. ஒரே கச்சாப்பொருள், நேர் எதிரான இரண்டு சரக்கு! ஆஸ்பிரின் காக்ஸ் நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புது நொதி செய்துகொள்ள வழியில்லை, சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அப்படியே கிடக்கும். குழாய்ச்சுவர் செல்கள் சீக்கிரமே மீண்டுவிடும். மாரடைப்பு வந்தவர்களுக்குச் சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுப்பதன் சூட்சுமம் இதுதான். ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971-ல் காட்டிய ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தச் சமநிலையைத் தப்பான பக்கம் சாய்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. காக்ஸ் நொதியின் இரண்டு வகைகளில் காக்ஸ்-2ஐ மட்டும் அடக்கும் ரோஃபெகாக்ஸிப் என்ற வலி மருந்து புரோஸ்டாசைக்ளினைக் குறைத்தது, திராம்பாக்ஸேனைத் தொடவில்லை. மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடுவது தெரிந்து 2004-ல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

காக்ஸுக்குப் பதில் லிப்பாக்சிஜனேஸ் என்ற இன்னொரு நொதியின் வழியில் போனால் உருவாவது லூக்கோட்ரையீன்கள். மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆஸ்துமாவைக் கிளப்பும், மான்டெலுகாஸ்ட் மாத்திரை தடுப்பது இவற்றின் வேலையைத்தான். அதே வழியில் அழற்சியை அடக்கும் லிப்பாக்சின்களும் பிறக்கின்றன என்பதை இதைத் திட்டுகிறவர்கள் சொல்வதே இல்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் அராகிடோனிக் அளவு பெரிதாக ஏறுவதில்லை. எண்ணெயைக் கண்டு பயப்படுவதைவிட மீனைச் சேர்த்துக்கொள்ளலாம். அதிலுள்ள ஒமேகா-3 இதே நொதிகளுக்குப் போட்டியாக வந்து, வீரியம் குறைந்த பொருள்களை உண்டாக்கும். ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும், மீன் எண்ணெய் மாத்திரை தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.